பத்து நாள்ல பிள்ளைக என்னத்த கத்துக்கிட்டு வரும்?

வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஃபாரின் ஸ்டடி டிரிப் பத்தித்தான். காலேஜ்ல சர்க்குலர் விடுற சீசன் போல. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இத மட்டும் பேசிருவோம். ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி நானும் பிள்ளைகளுக்குத் துணையா இந்த மாதிரி டிரிப்புக்குப் போயிருக்கேன், அந்த தைரியத்துலதான் எழுதுறேன்.

கேள்வி: மக மதுரையில ஒரு காலேஜ்ல சிவில் மூணாவது வருசம் படிக்கிறா. சிங்கப்பூர், மலேசியா எட்டு நாள், ஒன்றேகால் லட்சம்னு சொல்றாங்க. அவங்க அப்பா "அந்தக் காச நகையில போட்டாலாவது கல்யாணத்துக்கு ஆகும், எட்டு நாள்ல என்னத்த படிச்சிரப் போறா"ங்கிறார். நான் என்ன சொல்லட்டும்? (வாசகி, திருமங்கலம்)

தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல, காசு போடுறவுக கேக்கத்தான் செய்யணும். ஆனா காலேஜ்ல போயி "பிள்ளை என்ன கத்துக்கும்"னு கேட்டீங்கன்னா "குளோபல் எக்ஸ்போஷர் கெடைக்கும்மா"ன்னு ஒரே வரியில சொல்லி அனுப்பிருவாங்க, அதனால அப்படிக் கேக்காதீங்க. எட்டு நாளும் காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் என்னென்ன ப்ரோகிராம்னு பேப்பர்ல கேட்டு வாங்குங்க. அதுல செந்தோசா, கெந்திங், ரெட்டைக் கோபுரம், ஷாப்பிங், நடுவுல ஒரு நாள் ஏதோ ஒரு யுனிவர்சிட்டி வாசல்ல குரூப் ஃபோட்டோன்னு இருந்துச்சுன்னா அது டூர். டூர் போறது ஒண்ணும் கெட்ட காரியம் இல்ல, பிள்ளை சந்தோசமா போயிட்டு வரட்டும், ஆனா படிப்புன்னு பேரச் சொல்லி டூருக்கு காசு வாங்குனா அத நாம தெரிஞ்சுதான் குடுக்கணும்.

இத்தனைக்கும் சிவில் படிக்கிற பிள்ளைக்கு சிங்கப்பூர் மாதிரி ஒரு ஊர் அமையாது. அம்புட்டு சின்ன ஊரு, பெரிய ஆறு கெடையாது, பக்கத்துல மலேசியாவோட ஜோகூர்ல இருந்து தண்ணி வாங்குறாய்ங்க, 1962-ல போட்ட ஒப்பந்தம் 2061 வரைக்கும் ஓடுது. அதுக்கப்புறம் என்னான்னு இப்பவே யோசிச்சு, பேயிற மழையில முடிஞ்ச அளவுக்கு பிடிச்சு வைக்கிறாய்ங்க, சாக்கடைத் தண்ணியையே சுத்தம் பண்ணி நியூவாட்டர்னு பேர் வச்சு திரும்பப் பயன்படுத்துறாய்ங்க. மரினா பராஜ்னு 2008-ல தெறந்தது ஒண்ணு இருக்கு, கடல் வாய்க்கு குறுக்க தடுப்பணை கட்டி உள்பக்கத்த நல்ல தண்ணி ஏரியாவே ஆக்கிட்டாங்க. அதுல ஒன்பது கதவு, பெரிய மழை வந்தா கடல் தாழ்ந்திருக்கிற நேரத்துல கதவ எறக்கி வெளிய விட்டுருவாங்க, கடல் ஏறிக் கெடந்துச்சுன்னா கதவத் தெறக்க முடியாதுல்ல, அப்ப ஏழு பெரிய பம்பு வச்சு எறச்சுத் தள்ளுவாங்க. அந்தக் கட்டடத்து மொட்டை மாடி முழுக்க புல்லு, சாயங்காலம் ஜனங்க பட்டம் விட்டுக்கிட்டு இருப்பாங்க.

இந்த எடத்துக்கு பஸ்ஸ விட்டு எறங்கி அரை மணி நேரத்துல செல்ஃபி எடுத்துட்டும் வரலாம். இல்லேன்னா உங்க மக போறதுக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போயி, பனையூர் கால்வாய் வழியா வைகைத் தண்ணி எப்படி உள்ள வருது, வழியில எங்க குப்பை அடைக்குது, மாசி வீதியில பேயிற மழைத் தண்ணி கடைசியில எங்கிட்டுப் போயி சேருதுன்னு சுத்திப் பாத்துட்டு ரெண்டு பக்கம் எழுதி வச்சுக்கிட்டு பிளைட் ஏறலாம். அப்படிப் போற பிள்ளை அங்க இருக்குற ஆளுகிட்ட "இந்தக் கால்வாயில மண்ணு சேராதா, யாரு தூர் வாருறது, மாசத்துக்கு ஒருக்காவா வருசத்துக்கு ஒருக்காவா"ன்னு கேக்கும். நான் கூட்டிட்டுப் போன பிள்ளைகள்ல இந்த மாதிரி கேள்வியோட வந்த பிள்ளைதான் திரும்பி வந்து எதையாவது உருப்படியா சொல்லுச்சு, மத்ததுக "சூப்பரா இருந்துச்சு சார், ரொம்ப க்ளீனா இருக்கு சார்"ங்கிறதோட சரி.

க்ளீன்னு சொன்னதும் ஞாபகம் வருது. அங்க ஹாக்கர் சென்டர்னு சாப்பாட்டுக் கடைக கூட்டமா இருக்கும், சாப்பிட்டு முடிச்சதும் ஆளாளுக்கு தட்ட எடுத்துட்டுப் போயி ஸ்டாண்டுல வச்சுட்டுப் போறத பாத்துட்டு நம்ம பிள்ளைக அப்படியே அசந்து போயிரும், "அவங்க வளப்பே வேற சார்"னு சொல்லும். வளப்பெல்லாம் இல்ல, ரொம்ப காலமா அங்கயும் டேபிள்லயே போட்டுட்டுத்தான் போய்க்கிட்டு இருந்தாங்க, கவர்மெண்டும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டு 2021 செப்டம்பர்ல இருந்து ஹாக்கர் சென்டர்ல தட்ட எடுத்து வைக்காட்டி மொதல்ல வார்னிங், அடுத்து ஃபைன்னு கொண்டு வந்தாங்க, தட்டு வைக்கிறதுக்கு கைக்கெட்டுற தூரத்துல ஸ்டாண்டையும் போட்டு வச்சாங்க. ஆக, அங்க இருக்குறவன் ஒசத்தி நாம மட்டம்னு நெனச்சுக்கிட்டு வந்தா அந்தப் பிள்ளை ஒண்ணும் படிக்கல. எந்த ஏற்பாடு ஜனங்கள மாத்துச்சுன்னு பாத்துட்டு வந்தா அதுக்கு காசு குடுக்கலாம்.

இன்னொண்ணு, நாப்பது பிள்ளையும் ஒரே பஸ்ல, ஒரே ஓட்டல்ல, மூணு வேளையும் பாக்கெட் தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டு, அவிய்ங்களுக்குள்ளயே லந்து பண்ணிக்கிட்டு திரியுற டிரிப்பு எங்க போனாலும் ஒண்ணுதான். அமெரிக்காவுல கார்டன் ஆல்போர்ட்னு ஒரு மனவியல் அறிஞர் 1954-லயே சொன்னாரு, ரெண்டு கூட்டத்து ஆளுக சும்மா பக்கத்துல பக்கத்துல இருந்துட்டா ஒருத்தரப் பத்தி ஒருத்தருக்கு இருக்குற தப்பான நெனப்பு போயிராது, சமமா உக்காந்து ஒரே வேலைய சேந்து செய்யணும்னு. அதனால பேப்பர்ல இதையும் தேடுங்க: அந்த ஊர் மாணவங்களோட சேந்து ஏதாவது செய்யிற மாதிரி ஒரு ரெண்டு நாளாவது இருக்கா, இவங்க மூணு நாலு பேரா சேந்து எம்ஆர்டிங்கிற அந்த ஊர் மெட்ரோ ரயில்ல ஏறி தானா ஒரு எடத்துக்குப் போயிட்டு வர்ற மாதிரி ஒரு பொழுதாவது விட்டிருக்காங்களா? சிங்கப்பூர்ல தமிழும் ஒரு ஆட்சிமொழி, ரயில் ஸ்டேஷன்லயே தமிழ்ல எழுதிருக்கும், தொலைஞ்சு போற ஊர் இல்ல, பயப்படாம விடலாம்.

காசு விசயம். ஒன்றேகால் லட்சத்துல டிக்கெட் எவ்வளவு, தங்குறது எவ்வளவு, விசா, இன்சூரன்ஸ் சேந்திருக்கான்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. டூர் பேக்கேஜா பில் போட்டா மேல டிசிஎஸ்னு ஒரு வரி பிடிப்பாங்க, அது போன காசு இல்ல, கட்டுனவரோட பான் நம்பர்ல ஏறி நிக்கும், ரிட்டர்ன் போடுறப்ப கழிச்சுக்கலாம், நெறைய பேர் இது தெரியாமலே விட்டுர்றாங்க. ப்ரோகிராம் உருப்படியா இருந்து, கையில காசும் இருந்தா அனுப்புங்க. வட்டிக்கு வாங்கித்தான் அனுப்பணும்னா வேணவே வேணாம், அந்தப் பிள்ளைக்கு அங்க போயி ஒரு எளநி குடிக்கக்கூட மனசு வராது.

கேள்வி: சார், ரெண்டு வாரம் ஜெர்மனியில சம்மர் ஸ்கூல் போயிட்டு வந்தேன். வந்ததுல இருந்து மாட்டுத்தாவணி ஹாரன் சத்தம், ரோட்டுல குப்பை, கியூல நிக்காத ஜனங்க, எதப் பாத்தாலும் எரிச்சலா வருது. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா "ரெண்டு வாரம் போயிட்டு வந்து ஓவரா உருட்டுறான்"னு கலாய்க்கிறாய்ங்க. (மேலூர் வாசகர்)

தம்பி, கலாய்க்கத்தான் செய்வாய்ங்க, இல்லேன்னா அவிய்ங்க என்ன ஃப்ரெண்ட்ஸ்! போயிட்டு வந்தவங்களுக்கு சொந்த ஊரு கொஞ்ச நாள் கசக்குறது எல்லா நாட்டுலயும் உள்ளதுதான், போன எடத்துல வர்ற தடுமாத்தத்த விட திரும்பி வந்தப்புறம் வர்ற தடுமாத்தம் பெருசுன்னு இதப் பத்தி நெறையவே எழுதிருக்காங்க. தானா எறங்கிரும். ஆனா அது எறங்குறதுக்குள்ள அத வச்சு ஒரு வேலை பாத்துரலாம்.

நீ அங்க பாட்டில் மெசின் பாத்திருப்ப. தண்ணி பாட்டில் வாங்குறப்பவே 25 சென்ட் கூட வாங்கிக்கிட்டு, காலி பாட்டில கடையில இருக்குற மெசின்ல போட்டா அத திருப்பித் தருவாங்க, அதனாலதான் ரோட்டுல பாட்டில் கெடக்குறது இல்ல, எவனாவது போட்டுட்டுப் போனாக்கூட இன்னொருத்தன் பொறுக்கிக்கிட்டுப் போயி காசாக்கிருவான். ட்ரெயின்லயும் அப்படித்தான், ஸ்டேஷன்ல கேட்டே இருக்காது, எல்லாரும் யோக்கியமா டிக்கெட் எடுக்குறாங்கன்னு நெனச்சிருப்ப, திடீர்னு செக்கிங் வந்து மாட்டுனா 60 யூரோ எடுத்து வைக்கணும், அந்த பயமும் சேந்துதான் டிக்கெட் எடுக்க வைக்குது.

இப்ப நம்ம பக்கம் வா. டாஸ்மாக்ல பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டில் குடுத்தா திருப்பித் தர்ற திட்டம், ஹைகோர்ட் சொல்லி 2022-ல நீலகிரியில ஆரம்பிச்சு அப்புறம் மத்த மாவட்டத்துக்கும் வந்துச்சு. காட்டுல யானை கால்ல பாட்டில் குத்துதுன்னு ஆரம்பிச்ச விசயம் அது. ஜெர்மனியில உள்ள அதே யோசனைதான்! அங்க மெசின் இருக்கு, இங்க கடையில வேலை பாக்குறவரு கையாலயே ஸ்டிக்கர் ஒட்டணும், காலி பாட்டில வாங்கி அடுக்க எடம் வேணும், கூட்ட நேரத்துல யாரு நின்னு வாங்குறதுன்னு சண்டை. உனக்கு எரிச்சல் வர்றதுக்குப் பதிலா மேலூர்ல ஒரு கடைக்குப் போயி (குடிக்க இல்லப்பா, பாக்கத்தான், வீட்டுலயும் சொல்லிட்டுப் போ) இது எங்க சிக்குது, எத மாத்துனா ஓடும்னு பாத்து நாலு பக்கம் எழுது. ரெண்டு வாரத்துல ஜெர்மனிய புரிஞ்சுக்கிட்டேன்னு நீ சொன்னா நானும் சேந்து கலாய்ப்பேன், ஆனா பாட்டில் விசயம் ஒண்ண அங்கயும் இங்கயும் முழுசா பாத்தவன்னு சொல்லிக்கிட்டு வந்தா அத உக்காந்து கேப்பேன்.

கேள்வி: இந்த ஸ்டடி டிரிப் சர்டிபிகேட் கேம்பஸ் இன்டர்வியூல உதவுமா? (செல்லூர்)

சர்டிபிகேட்டு உதவாது. "அங்க என்னப்பா பாத்த?"ன்னு கேக்குறப்ப நிறுத்தாம அஞ்சு நிமிசம் பேசுனா அது உதவும்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்க பிள்ளைக அப்பா அம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க. லட்சக்கணக்குல கட்ட முடியாத பிள்ளைகளுக்கு இதெல்லாம் கனவுதானா சார்? (வாடிப்பட்டி)

டீச்சர், கனவு இல்ல, ஆனா தகவல் வந்து சேராததுதான் பெரிய தடை. ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014-ல இருந்து சகுரா சயின்ஸ்னு ஒரு திட்டம் நடத்துது, ஸ்கூல் பிள்ளைகளையும் காலேஜ் பிள்ளைகளையும் குறுகிய காலத்துக்கு அவங்க செலவுலயே கூட்டிட்டுப் போயி லேப், யுனிவர்சிட்டி எல்லாம் காட்டுறாங்க, நம்ம நாட்டுல இருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் போயிருக்காங்க. நம்ம பள்ளிக்கல்வித் துறையே 2022 நவம்பர்ல வினாடி வினாவுல ஜெயிச்ச பிள்ளைகள துபாய், சார்ஜாவுக்கு கூட்டிட்டுப் போனாங்க. அதனால இலக்கிய மன்றம், வினாடி வினா, கலைத்திருவிழான்னு சர்க்குலர் வந்தா சும்மா கையெழுத்துப் போட்டு ஃபைல்ல வைக்காம பிள்ளைகள எறக்கி விடுங்க. காலேஜ் போனப்புறம் நான் முதல்வன் திட்டத்துல 2024-ல கொஞ்சம் பிள்ளைகள இங்கிலாந்துல டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரம் அனுப்பி பயிற்சி குடுத்தாங்க. நல்லா படிக்கிற இன்ஜினியரிங், சயின்ஸ் பிள்ளைகளுக்கு ஜெர்மனியோட டாட் (DAAD)ங்கிற கல்வி உதவி அமைப்பு ஸ்டைபண்ட் குடுத்து ரெண்டு மூணு மாசம் லேப்ல வேலை பாக்க விடுற வைஸ் (WISE)னு ஒரு திட்டம் நடத்துறாங்க, கனடாவுல மிடாக்ஸ் (Mitacs)னு ஒரு அமைப்பு பன்னெண்டு வாரத்துக்கு இதே மாதிரி ஒண்ணு நடத்துது. எட்டு நாள் பஸ் டூர விட இதுக ரொம்ப ரொம்ப மேல், ஏன்னா அங்க இவங்களுக்குன்னு ஒரு வேலை இருக்கும், காலையில போயி நிக்கணும், தப்பு பண்ணா திட்டு வாங்கணும்.

ஒண்ணே ஒண்ணு இப்பவே செஞ்சு வைங்க, பாஸ்போர்ட். செலக்ட் ஆனப்புறம் ஓடுனா கண்ணு முழி பிதுங்கிரும். பதினெட்டு வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு ஆயிரம் ரூபாதான் ஃபீஸ், மதுரையிலயே ஆபீஸ் இருக்கு. நம்ம ஊர்ல வர்ற பெரிய சிக்கல் இனிஷியல். ஆதார்ல ஒரு மாதிரி, டிசில ஒரு மாதிரி, பொறப்பு சர்டிபிகேட்ல பேரே இல்லாம "ஆண் குழந்தை"ன்னு மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்ல இனிஷியல் போட முடியாது, விரிச்சு எழுதணும், அப்பா பேர் எல்லா எடத்துலயும் ஒரே ஸ்பெல்லிங்ல இருக்கணும். ஒன்பதாம் கிளாஸ்லயே எல்லா பிள்ளைக பேப்பரையும் ஒரு தடவை எடுத்துப் பாத்து திருத்த வச்சுட்டீங்கன்னா, ஃபாரின் போகாத பிள்ளைக்கும் பின்னாடி ஆயிரம் எடத்துல உதவும்.

கேள்வி: நாமளே எல்லாரும் வெளிநாட்டுக்குப் போறோமே, அங்க இருந்து யாராச்சும் மதுரைக்கு படிக்க வர்றாங்களா? இல்ல மீனாட்சியம்மன் கோயில பாத்துட்டுப் போயிர்றாங்களா? (கே.புதூர்)

நல்லா கேட்டீங்க. வர்றாங்க, ரொம்ப காலமாவே வர்றாங்க. அமெரிக்காவுல உள்ள சில காலேஜ் சேந்து சவுத் இண்டியா டேர்ம் அப்ராட்னு, சுருக்கமா சீட்டான்னு, மதுரையில ஒரு செமஸ்டர் படிப்பு நடத்துனாங்க. விஸ்கான்சின் யுனிவர்சிட்டியும் மாணவங்கள மதுரைக்கு அனுப்பிருக்கு. அந்தப் பிள்ளைக ஓட்டல்ல தங்கல, நம்ம வீடுகள்லதான் தங்குச்சுக. தமிழ் எழுத்து கத்துக்கிட்டு, ஆளுக்கு ஒரு விசயத்த எடுத்து அது பின்னாடியே சுத்தி கடைசியில எழுதிக் குடுக்கணும். கோயில் யானை முதல் கோலம் வரைக்கும் எதுனாலும் எடுத்துக்கலாம், ஆனா ஒண்ணு எடுத்தே ஆகணும். "வெஞ்சனம் கொஞ்சம் வைங்க அத்தே"ன்னு வெள்ளக்காரப் பிள்ளை கேக்குறத நானே காதால கேட்டுருக்கேன்.

அண்ணா நகர் பக்கம் போனா அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் வெங்கடசாமி 1976-ல பதினோரு படுக்கையோட ஆரம்பிச்சது. ஆப்பிரிக்கா, ஆசியான்னு எங்கெங்க இருந்தோ டாக்டர்களும் நிர்வாகிகளும் இங்க வந்து குறுகிய கால பயிற்சி எடுத்துட்டுப் போறாங்க, அதுக்குன்னே 1992-ல லைகோன்னு ஒரு பயிற்சி நிறுவனமும் ஆரம்பிச்சாங்க. அவங்க பாக்க வர்றது மெசின இல்ல. ஒரு டாக்டர் ஒரு ஆபரேசன முடிச்சுட்டு திரும்புறதுக்குள்ள அடுத்த நோயாளி பக்கத்து டேபிள்ல ரெடியா இருக்காரே அது எப்படி, கிராமத்துப் பொண்ணுகள எடுத்து பயிற்சி குடுத்து பாதி வேலைய அவங்கள வச்சே ஓட்டுறாங்களே அது எப்படி, காசு குடுக்குறவங்க குடுக்குறதுல குடுக்க முடியாதவங்களுக்கும் எப்படி நடக்குது, இதத்தான் நோட்டுப் போட்டு எழுதிட்டுப் போறாங்க. நம்ம ஊர்ல இருக்குற நமக்கு இதுல எவ்வளவு தெரியும்? திருமங்கலம் தங்கச்சியோட மகளுக்கு விசா வர்றதுக்குள்ள, இங்க வந்து படிச்சுட்டுப் போன வெளிநாட்டுப் பிள்ளைக எழுதுனத இண்டர்நெட்ல ஏதாச்சும் தேடிப் படிக்கச் சொல்லுங்க, நம்ம தெருவ அடுத்தவன் எப்படிப் பாக்குறான்னு தெரிஞ்சா நாம அடுத்தவன் தெருவ எப்படிப் பாக்கணும்னு புடிபடும்.

கேள்வி: பேத்தி இருவது நாள் படிப்புக்கு பிரான்ஸ் போறா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, நெய், எலுமிச்ச ஊறுகா, பருப்புப் பொடி குடுத்து விடலாமா? பிள்ளை எளைச்சுப் போயிரும். (அப்பத்தா, அலங்காநல்லூர்)

அப்பத்தா, பால்கோவாவும் நெய்யும் வேணாம். ஐரோப்பா நாடுகளுக்குள்ள வெளியில இருந்து பால், கறி சம்பந்தப்பட்ட சாமான் கொண்டு போகக்கூடாதுன்னு சட்டம், கண்டா எடுத்து குப்பையில போட்டுருவாங்க, அம்புட்டு பால்கோவாவும் வீணாப் போகும். அத பிள்ளை கெளம்புறதுக்கு முந்தின நாளே வீட்டுல வச்சு ஊட்டி விட்டுருங்க. பருப்புப் பொடி, ஊறுகா கொண்டு போகட்டும், ஆனா கையில வச்சிருக்குற பையில வைக்காம பெரிய பெட்டியில போடச் சொல்லுங்க, எண்ணெ கசியாம நல்லா பேக் பண்ணி ரெண்டு கவர் போடணும், இல்லேன்னா பிள்ளை போட்டுக்குற துணியெல்லாம் ஊறுகா வாசம்தான். அப்புறம் பொடி கொஞ்சம் கூடவே குடுத்து விடுங்க, ஹாஸ்டல்ல அடுத்த ரூம் பிள்ளைகளுக்கும் சோத்துல பெசஞ்சு குடுக்கட்டும், சேந்து உக்காந்து சாப்பிட்டா நாலு பேர் பழக்கமாகும்.